பாரதக் கூத்தும் ஊர்விழாவும்: புதுவை வட்டார நாடக மரபு பற்றிய ஒரு மதிப்பீடு

தமிழ் நாடக வரலாறு எழுதப் புகுந்தோர், அமெச்சூர் எனப் பலரும் வழங்கும் பயில்முறை நாடகத்தின் தோற்றத்தைப் பெரும்பாலும் 1891ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். அவ்வாண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபை, நாடகத்தைப் பிழைப்பாகக் கொள்ளாத கற்றோரை மேடையேற்றியது. அச்சபையின் சிறப்பை மறுப்பார் இலர். எனினும், ஊரார் தாமே கூடித் தம் பொருள் செலவிட்டு, ஊதியம் கருதாது ஆண்டுதோறும் எடுப்பிக்கும் நாடகத்தையும் பயில்முறை நாடகம் எனக் கொள்வோமாயின், அதன் வரலாறு அவ்வாண்டிற்கு மிக முற்பட்டதாகும். புதுவையிலும் அதனைச் சூழ்ந்த நடுநாட்டு ஊர்களிலும் திரௌபதி அம்மன் திருவிழாவை ஒட்டி நிகழும் பாரதக் கூத்து இதற்குச் சான்று. அக்கூத்தை நம் திறனாய்வு எவ்வாறு மதிப்பிட்டது என்பதும், அம்மதிப்பீடு பொருந்துமா என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

விழாவின் பழமைக்குப் புதுவையோடு தொடர்புடைய அயல்நாட்டுச் சான்று ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்குத் தங்கிய பிரெஞ்சு அறிஞர் சொன்னெரா, 1782இல் வெளியிட்ட தம் பயண நூலில், தருமராசருக்கும் திரௌபதிக்கும் எடுக்கப்பெறும் தீவிழாவை விரித்துரைக்கின்றார். விழா பதினெட்டு நாள் நிகழ்ந்தது என்றும், நேர்ந்துகொண்டோர் நோன்பிருந்து வெறுந்தரையில் படுத்துத் தழல்மேல் நடந்தனர் என்றும் அவர் கூறுவர். அயலார்க்குத் தீயே வியப்பாகும். நமக்கோ பதினெட்டு என்னும் எண் நோக்கற்பாலது. பாரதப் போரும் பதினெட்டு நாளே நடந்தது. எனவே, அக்காலத்திலேயே விழாவின் நாளளவைக் கதையே வகுத்திருந்தது எனக் கொள்வது பிழையாகாது.

விழாவின் அமைப்பு இடத்துக்கிடம் சிறிது வேறுபடினும் அடிப்படை ஒன்றே. கொடியேற்றிக் காப்புக் கட்டியபின், பகலில் பாரதச் சொற்பொழிவு நிகழும். சொற்பொழிவாளர் வில்லிபாரதச் செய்யுளைப் பாடிப் பொருள் விரிப்பர். வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் தோன்றியவர் என்ப. ஆகவே, அவர்தம் நூல் ஏறத்தாழப் பிறந்த மண்ணிலேயே ஆண்டுதோறும் ஓதப்படுகின்றது. பிற காப்பியங்களுக்கு இப்பேறு எளிதில் வாய்ப்பதன்று. இரவில் அக்கதையின் கூறுகள் வில்வளைப்பு, சுபத்திரை திருமணம், பகடைத்துகில், அருச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் எனக் கூத்தாக ஆடப்பெறும். இறுதி நாட் காலையில் படுகளம், மாலையில் தீமிதி.

இனி, கூத்தின்மேல் சாற்றப்படும் குறைகளைக் காண்போம். அச்சாகி வந்த கூத்து நூல்களை மட்டும் பயின்றோர், கதைப்போக்கு இடையறவுபடுகின்றது என்பர். ஒவ்வொரு பாத்திரமும் தன் பெருமையைத் தானே நெடுநேரம் கூறி வருவது சலிப்பூட்டுகின்றது என்பர். தருவும் விருத்தமும் வசனமும் ஒன்றையே மும்முறை சொல்கின்றன என்பர். நூலை மட்டும் நோக்கின் இவை யாவும் உண்மையே. ஆனால் அந்நூல் நாடகத்தின் ஒரு பகுதியே அன்றி நாடகமன்று. கதையைத் தொடர்புறக் கூறும் கடமையைப் பகற்சொற்பொழிவு ஏற்றுக்கொண்டது. இரவில் வந்தமர்வோன் அடுத்து என்ன நிகழும் என்று அறியும்பொருட்டு வருவானல்லன். அவன் துரியோதனனின் வருகையைக் காண வருகின்றான். இருவர் பிடித்த திரைக்குப் பின் நின்று, முதலிற் குரலாகவும், பின்னர் முடியும் புயக்கட்டையுமாகவும், இறுதியில் சுழன்றாடும் முழு உருவமாகவும் ஒரு பாத்திரம் சிறிது சிறிதாக வெளிப்படும்பொழுது, ஏட்டில் சலிப்பாகத் தோன்றிய தற்புகழ்ச்சி, களத்தில் உருவத்திற்கு உயிரூட்டும் கருவியாகின்றது. எழினி மூன்றனைச் சிலப்பதிகார அரங்கேற்று காதையில் கற்ற நாம், கண்முன் நிற்கும் இத்திரையின் பயனை ஆராயாது விட்டமை வியப்பே.

பகடைத்துகிலை எடுத்துக்கொள்வோம். துகிலுரியும் நிலை வந்ததும், துச்சாதன வேடம் பூண்டவர் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றித் திரௌபதியை வணங்கிப் பொறுத்தருள வேண்டுவது பல களரிகளில் வழக்கம். சேலையைத் தொடுபவன் துச்சாதனன். தொழுபவன் ஊர் அறிந்த கூத்தன். ஓருடலில் இவ்விருவரும் மாறி மாறித் தோன்றுவதே அவ்விரவின் உச்சநிலை. அச்சு நூலில் இதற்கு ஓரடியும் இல்லை. அருச்சுனன் தபசிலும் இவ்வாறே: நட்ட நெடுமரத்தின்மீது பாடிக்கொண்டே ஏறும் கூத்தன் மேலிருந்து வீசும் எலுமிச்சையையும் திருநீற்றையும் மகப்பேறு வேண்டும் பெண்டிர் மடியில் ஏற்கின்றனர். அவர்கள் அவையோரா, பாத்திரங்களா? மேனாட்டு நாடக இலக்கணத்தைக் கையிற்கொண்டு இவ்வினாவிற்கு விடை காணல் அரிது.

புதுவையில் எழுந்த பாஞ்சாலி சபதத்தையும் இவ்விடத்து நினைக்கலாம். 1908 முதல் 1918 வரை இந்நகரில் வாழ்ந்த பாரதியார் அதன் முதற்பகுதியை 1912இல் வெளியிட்டார். காவியம் சபதத்தோடு நின்றுவிடுகின்றது, கூந்தல் முடியப்பெறவில்லை. பாஞ்சாலியை அடிமைப்பட்ட நாட்டின் உருவாகக் கண்டமையால் அவ்வாறு நிறுத்தினார் என்பர். அது பொருந்துவதே. ஆயினும் நூல் தோன்றிய சூழலையும் எண்ணுதல் வேண்டும். சுற்றியிருந்த ஊர்களில் ஒவ்வோராண்டும் அக்கூந்தல் படுகளத்தில் முடியப்பெற்றே வந்தது. முடிவை நன்கறிந்த மக்களிடம் முடிவைக் கூறாது விடுதல் தனி ஆற்றல் உடையது என்பது என் கருத்து.

சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களும் இவ்வூற்றினின்று நீர் பெற்றவையே. 1922இல் புதுவையில் மறைந்து கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பெற்ற அவர், அபிமன்யு சுந்தரியையும் பவளக்கொடியையும் இயற்றியபோது பாரத மாந்தரை அவையோர்க்கு அறிமுகப்படுத்த வேண்டிய நிலையில் இல்லை. இப்பொருள் தனியே விரித்தற்குரியது.

கூத்தைப் போற்றுங்கால் அதன் குறைகளை மறைத்தல் ஆகாது. கட்டியங்காரனின் நகைச்சுவை அரசனையும் ஊர்ப்பெரியோரையும் ஒருங்கே குத்துமிடத்து உயர்ந்ததாகவும், பெண்களையும் எளியோரையும் இழித்துரைக்குமிடத்து மலிந்ததாகவும் உள்ளது. நள்ளிரவின் துயில் கலைக்கத் திரைப்பாட்டை இடைச்செருகும் வழக்கத்தையும் பாராட்ட இயலாது. இவற்றினும் பெரியது 'ஊர்' என்னும் சொல்லின் எல்லை. வீட்டுக்கு வீடு வரி தண்டி, ஒவ்வோர் இரவையும் ஒவ்வொரு தெருவின் உபயமாக்கி நடத்தும் விழாவை ஊர்ப்பொது என்கின்றோம். ஆனால் அப்பொதுமை சேரியின் வாயிலில் நின்றுவிடுதல் உண்டு. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் தருமராசர் திரௌபதி அம்மன் கோயில், ஆதிதிராவிடரின் வழிபாட்டுரிமை பற்றிய பூசலால் 2023 சூனில் முத்திரையிடப்பெற்றதை நாடறியும். கூத்தின் சமுதாய வேரைப் பேசுவோர் அவ்வேர் எவரை விலக்கி ஓடிற்று என்பதையும் பேசக் கடவர்.

ஊரார் தாமே வாத்தியாரிடம் பயின்று ஆடுவதும் உண்டு. தொழிற்குழுவாகிய சமாவை அழைத்து ஆடுவிப்பதும் உண்டு. பின்னது பயில்முறை ஆகுமா என வினவலாம். ஆட்டத்தைச் சமா ஏற்பினும், நோன்பும் செலவும் களமும் முடிவும் ஊராருடையன. படுகளத்தன்று நிலத்தில் மண்ணால் பேருருவாகத் துரியோதனனைக் கிடத்துவோர் ஊரார். அவன்மேல் ஏறிப் பொருவோர் கூத்தர். தொடை பிளந்து, அம்மன் கூந்தல் முடிந்தபின் தழலில் இறங்குவோர் மீண்டும் ஊரார். ஆதலின் தொழில்முறை, பயில்முறை என்னும் இருபாற் பகுப்பு நகரச் சபைகளுக்கே பொருந்தும், ஈண்டுச் செல்லாது.

அண்மைக் காலத்தில் கர்ண மோட்சம் போன்ற ஒரு கூறை மட்டும் பிரித்தெடுத்து, நகரத்து மூடரங்கில் இரண்டு மணி அளவில் நிகழ்த்தும் முறை பெருகியுள்ளது. கூத்தர்க்கு மதிப்பும் வருவாயும் கிடைத்தலின் அதனை வெறுத்தற்கில்லை. அதனை அளவுகோலாகக் கொண்டு கூத்தை மதிப்பிடுவதே தவறு. பதிப்புப் பணி மேற்கொள்வோரும் வாத்தியார்தம் கையேட்டுப் பாடலை மட்டும் பெயர்த்தெழுதி நிறைவடைதல் கூடாது. அன்று பகலில் ஓதப்பட்ட வில்லியின் சருக்கம் எது, துச்சாதனன் எவ்வடியில் நின்று வணங்கினான், திரையை எப்போது நீக்கினர் என்பனவும் பாடலோடு ஒருங்கு பதிவாதல் வேண்டும். படுகளத்துக்கோ கையேடே இல்லை. மண் பிசைந்தோரையும், களத்தில் இடம் பெற்ற தெருக்களையும், இடம் பெறாத தெருக்களையும் நேரிற் கேட்டே எழுத வேண்டும்.