ஜெராசிமும் நம் வீட்டுப் பெண்களும்

லியோ டோல்ஸ்டோய் 1886 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இவான் இலியீச்சின் மரணம்' என்னும் குறுநாவலை விமர்சிப்போர், ஜெராசிம் என்ற குடியானவ இளைஞனை வியந்து போற்றாமல் விடுவதில்லை. தீராநோயுற்ற நீதிபதியின் கழிவுகளை அவன் முகஞ்சுளிக்காது அகற்றுகிறான். நோவு தணியும்பொருட்டு நோயாளியின் கால்களை இரவு நெடுநேரம் தன் தோளில் தாங்குகிறான். வீட்டார் யாவரும் மரணத்தை மறைத்துப் பொய்யுரைக்க, அவன் மாத்திரம் உண்மையை ஒளிப்பதில்லை.

உழைக்கும் மனிதனின் மேன்மையைக் காட்டும் அப்பாத்திரம் உலக இலக்கியத்தின் செல்வம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், அந்தப் பராமரிப்பை இயல்பான நற்குணமாக மட்டுமே காண்பது போதுமா என நாம் வினவ வேண்டியுள்ளது. ஜெராசிம் அவ்வீட்டு வேலையாள். அவன் உழைப்பும் உறக்கமும் பிறர்க்குரியவை. கால்களை உயர்த்தினால் சுகம் உண்டாகும் என்பதும் நோயாளி தற்செயலாகக் கண்டதே. மனைவி பிரஸ்கோவியாவோ அது கெடுதல் என்று வைத்தியரிடம் குறை கூறுகிறாள். அவளுடைய சுயநலத்தைக் கூர்மையாகத் தீட்டிய ஆசிரியர், அவளுக்கு எவரும் எதனையும் கற்பிக்கவில்லை என்பதைப் பொருட்படுத்தவில்லை.

கதையின் இறுதியில் இவான் மூன்று நாட்கள் இடைவிடாது அலறுகிறான். டோல்ஸ்டோய் நோயின் பெயரைத் திட்டமாகக் கூறவில்லை. ஆயினும் முற்றிய புற்றுநோயாளரின் வீடுகளில் அவ்வலறல் இன்றும் கேட்கிறது. அதனைப் பெரிதும் தணிக்கும் அறிவு இன்று மனிதகுலத்திடம் உண்டு. வைத்தியர் விதித்த மோர்பினை, நோவு மூளும்வரை காத்திராமல் நேரந்தவறாது கொடுத்தல், அதனால் உண்டாகும் மலச்சிக்கலுக்கும் மருந்து கொடுத்தல், படுக்கைப்புண் வராமல் உடலைப் புரட்டிவிடுதல், உலர்ந்த வாயைத் துடைத்தல் ஆகிய இவையெல்லாம் அன்பு இருந்தால் தாமே வந்துவிடுவன அல்ல, பயின்று பெறவேண்டியவை.

பயிற்றுவிக்க முடியும் என்பதற்குக் கேரளம் சான்று. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து 1993 இல் தோன்றிய நோவுதணிப்புச் சங்கத்தின் வழியாக வளர்ந்த இயக்கத்தில், சாதாரண மக்கள் பயிற்சி பெற்றுத் தாதியருடன் வீடுவீடாகச் சென்றனர், குடும்பத்தாருக்கும் கற்பித்தனர். 2008 இல் மாநில அரசு அதனைத் தன் கொள்கையாகவே பிரகடனஞ் செய்தது.

மகரகமவில் சிகிச்சை முடிந்து, மலையகத்து லயன் அறைக்கோ வன்னிக் குடிசைக்கோ திரும்பும் நோயாளிக்கு ஜெராசிம் யார்? பகல் முழுதும் கொழுந்து பறித்த மனைவி. அல்லது பள்ளியை நிறுத்திவிட்ட மகள். அவர்களைத் தியாகச் சுடர்கள் எனப் புனைந்து கதை எழுதுவோர், அத்தியாகம் எவருடைய கடமைத்தவறால் நேர்ந்தது எனக் கேட்பதில்லை. பயிற்சி என்ற பெயரால் வைத்தியசாலையின் சுமை முழுவதையும் பெண்ணின் தலையில் ஏற்றிவிடவும் நாம் இடங்கொடுத்தலாகாது. மருந்தும் தாதியும் ஓய்வும் அவளுக்கு உரிமையாக வேண்டும்.

ஜெராசிமின் பரிவைப் படைக்க ஒரு மேதை போதுமாயிருந்தார். அதனை ஒவ்வொரு வீட்டுக்கும் உரியதாக்கச் சமுதாயம் முழுவதும் முயலவேண்டும். அம்முயற்சியில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பங்குண்டு.