இயர்மஃப் பெட்டியில் இருக்கும் 22

அக்கா மகன் போன மாசம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். பச்சை நிறத்தில் ஒரு எலக்ட்ரானிக் இயர்மஃப். கீழே, "மாமா, இது வாங்கலாமா? வெடிச் சத்தத்த அப்படியே கட் பண்ணிருமாம்." பையன் ஒரு வருஷமாக ஏர் ரைஃபிள் சுடுகிறான், இப்போது .22க்குப் போகிறான். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்ததுதான் இந்தக் குறிப்பு.

காந்திகிராமத்தில் உட்கார்ந்துகொண்டு துப்பாக்கியைப் பற்றி எழுதுவது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. சாந்தி சேனை வைத்திருக்கிற பல்கலைக்கழகம் உள்ள ஊர் இது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் சிறுமலைப் பக்கமிருந்து சில்வண்டுச் சத்தம் வரும். எனக்கு அது வலது காதில் மட்டும்தான் கேட்கும். இடது காதில் வேறொரு வண்டு இருக்கிறது. அது பகலிலும் நிறுத்தாது.

கல்லூரிக் காலத்தில் ஒரு பயிற்சி முகாமில் பத்து ரவுண்டு .303 சுட்டேன். காதுக்குப் பஞ்சு கொடுத்தார்கள். பஞ்சு ஒன்றும் பெரிய தடுப்பு இல்லை. அதையும், கமாண்ட் சரியாகக் கேட்கவில்லை என்று, இடது காதிலிருந்து நானே பிடுங்கிப் போட்டேன். வலது தோளில் துப்பாக்கியை வைத்துத் தலையைச் சாய்த்தால் இடது காதுதான் குழல் முனையைப் பார்த்தபடி இருக்கும். வலது காது தலையின் மறைவில் ஒதுங்கிக்கொள்ளும். வலக்கைப் பழக்கமுள்ள ரைஃபிள்காரர்களுக்கு இடது காது கூடுதலாகக் கெடுவது மருத்துவ நூல்களில் உள்ள பழைய செய்தி. எனக்குத் தெரிந்தது முப்பது வருஷம் கழித்து, ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளத்தில் விழுந்தபோது.

அந்தப் பள்ளம் என்ன செய்யும்? உயிரெழுத்துகள் கீழ் அதிர்வெண்ணில் இருப்பதால் தப்பித்துக்கொள்ளும். மெய்யெழுத்துகளின் கூர்மைதான் போகும். தடை, சடை, படை, கடை எல்லாம் எனக்கு இடது பக்கம் ஒரே சொல். "காது நல்லாத்தான் கேக்குது, பேசுறதுதான் புரியல" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். உட்செவியின் மயிர்ச்செல்கள் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. தொழிற்சாலை இரைச்சல் அவற்றை வருஷக் கணக்கில் களைக்க வைத்துக் கொல்கிறது. பெரிய வெடி ஒன்று ஒரே நொடியில் பிய்த்தெறியலாம்.

சரி, கருவிக்கு வருவோம். எலக்ட்ரானிக் மஃப் என்பது சாதாரண மஃப்தான். கூட ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபையர், உள்ளே ஒரு குட்டி ஸ்பீக்கர். வெளியே யாராவது பேசினால் மைக் எடுத்து உள்ளே கொடுக்கும். சத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் கொடுப்பதை நிறுத்திவிடும், இல்லையென்றால் அமுக்கிக் கொடுக்கும். அதிகம் விற்கிற ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட்டில் அந்த எல்லை 82 டெசிபல். வெடியைத் தடுப்பது மின்சாரம் அல்ல. பிளாஸ்டிக் கிண்ணமும், உள்ளே இருக்கும் ஃபோமும், காதைச் சுற்றி அழுந்தும் மெத்தையும்தான். பேட்டரி செத்தாலும் அதே தடுப்பு. விமானத்தில் போட்டுக்கொள்கிறார்களே, நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன், அது வேறு ஜாதி. ஆன்லைன் விமர்சனங்களில் பாதிப் பேர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். "அரை மில்லி செகண்டில் கட் ஆகும்" என்று விளம்பரம் பெருமையடிப்பதும் இந்தக் குழப்பத்தின் மேல் ஓட்டும் வண்டிதான். கிண்ணம் நேரம் பார்த்து வேலை செய்வதில்லை.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணுக்குப் பெயர் என்.ஆர்.ஆர். இம்பாக்ட் ஸ்போர்ட்டுக்கு 22. வாங்குகிறவர் போடுகிற கணக்கு எளிது. 12 போர் துப்பாக்கி காதருகே உச்சத்தில் 160 டெசிபல் வரை போகும். 160 கழித்தல் 22 என்றால் 138. ஆபத்து எல்லையாகப் பலரும் சொல்வது 140. அப்பாடா, தப்பித்தோம்!

இந்தக் கழித்தலைத்தான் நான் நம்ப மாட்டேன் என்கிறேன். அந்த 22 வந்தது 1974-ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்கத் தர முறைப்படி. அமைதியான ஆய்வறையில், மஃபைச் சரியாக மாட்டிவிடப்பட்ட மனிதர்கள், தொடர்ந்து ஒலிக்கும் மெல்லிய இரைச்சலைக் கேட்கிறார்களா இல்லையா என்று பார்க்கிற சோதனை. அங்கே ஒரு தோட்டாவும் வெடிப்பதில்லை. அமெரிக்காவின் நியாஷ் நிறுவனமே, மஃப் என்றால் இந்த எண்ணில் கால்வாசியைத் தள்ளிவிடு, ஃபோம் பிளக் என்றால் பாதியைத் தள்ளிவிடு என்று 1998-இல் சொன்னது. கால்வாசி போனால் 22 என்பது 16.5. அதே 160-இல் கழித்தால் 143.5. அப்பாடா போச்சு. வெடிக்கென்று தனி அளவீட்டு முறையும் 2010-இல் வந்துவிட்டது. 132, 150, 168 டெசிபல் உச்சங்களில் மஃப் எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும். அதில் பல மஃப்கள் பெட்டி எண்ணைவிட நன்றாகவே தேறுகின்றன. நியாயமாகப் பார்த்தால் துப்பாக்கிக்காரருக்கு விற்கும் பெட்டியில் அந்த எண்தானே இருக்க வேண்டும்?

நம்ம ஊர்ச் சட்டத்தில் ஒரு வேடிக்கை. பட்டாசுக்கு எல்லை உண்டு: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி உச்ச ஒலி 145 டெசிபலுக்கு மேல் போகும் வெடியைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று 1999-இல் விதி வந்தது. சிவகாசிக்காரர் அதற்குக் கட்டுப்பட்டவர். துப்பாக்கியின் வாய் சுடுகிறவர் காதிலிருந்து ஒரு மீட்டர்கூட இல்லை.

எண்ணை நம்பி ஏமாந்த பெரிய கதை ராணுவத்தில் நடந்தது. 3எம் நிறுவனம் விற்ற காம்பாட் ஆர்ம்ஸ் என்ற காதடைப்பான், சோதனையில் அதன் மடல்களைப் பின்னால் மடக்கி வைத்து 22 என்ற எண்ணைப் பெற்றார்கள், சாதாரணமாக மாட்டினால் காதில் நிற்காமல் நழுவியது என்பது வழக்கின் குற்றச்சாட்டு. லட்சக்கணக்கான அமெரிக்கப் படைவீரர்கள் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 2023-இல் சுமார் 600 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அது பிளக், இது மஃப், இரண்டும் வேறுதான். ஆனால் பாடம் ஒன்று பொதுவாக இருக்கிறது: சோதனை அறையில் மாட்டுவது வேறு, தலையில் மாட்டுவது வேறு. மூக்குக்கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கும். கன்னத்தை ரைஃபிள் கட்டையில் அழுத்தும்போது கிண்ணத்தின் கீழ் விளிம்பு இடித்து இடைவெளி விடும். சித்திரை வெயிலில் வேர்த்து வழுக்கும்போது பையன்கள் மஃபைக் கழுத்தில் இறக்கிவிட்டு நிற்பார்கள். பக்கத்து லேனில் ஒருத்தர் சுட்டுக்கொண்டே இருப்பார். மேலே தகரக் கூரை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்படியென்றால் எலக்ட்ரானிக் மஃப் வீணா? இல்லை. அதன் பெருமை விளம்பரம் சொல்லாத இடத்தில் இருக்கிறது. பயிற்சியாளர் சொல்வது கேட்பதால் அதைக் கழற்ற வேண்டியதில்லை. நான் பஞ்சைப் பிடுங்கிய காரணம் அதுதானே! உள்ளே ஃபோம் பிளக் போட்டு, அதன் மேல் இந்த மஃபை மாட்டி, வால்யூமைக் கூட்டினால் பேச்சும் கேட்கும், இரட்டைத் தடுப்பும் கிடைக்கும். இரண்டின் எண்களையும் கூட்டிவிடக் கூடாது. பெரிய எண்ணோடு ஐந்து டெசிபல் சேர்த்தாலே அதிகம். மிச்ச ஒலி மண்டையோட்டின் எலும்பு வழியாகவே உள்ளே போய்விடும். ஃபோம் பிளக் ஒரு டீ விலைதான். உருட்டி, காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே வைத்து அரை நிமிஷம் விரலால் பிடிக்க வேண்டும். இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இன்னொன்று, விற்கிறவர் வாயே திறக்காதது. ஒலிம்பிக் வகைப் போட்டிகளை நடத்தும் ஐ.எஸ்.எஸ்.எஃப் விதிப்படி, சுடுகிறவர் ரிசீவர் வகையறா உள்ள காதுக்கவசம் போடக் கூடாது. பயிற்சியாளரும் அதிகாரிகளும் ஒலி கூட்டும் கருவி போடலாம். காது கேளாத வீரருக்கு நடுவர் அனுமதித்தால் உண்டு. காதுக்குள் யாரும் யோசனை சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இருக்கும் என்று நினைக்கிறேன். நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸில் சுட்டாரே, அந்த ட்ராப் போட்டியில் தகுதிச் சுற்றுக்கு மட்டும் 125 இலக்குகள், இலக்குக்கு இரண்டு தோட்டா வரை. அந்த மாதிரி மேடைக்குப் போக ஆசைப்படும் பையன் எலக்ட்ரானிக்கில் மட்டும் பழகினால் போட்டியன்று வேறு உலகத்தில் நிற்பான்.

அவனுக்கு இப்படி எழுதினேன்: "வாங்கு. உள்ள ஃபோம் கட்டாயம். போட்டிக்குத் தனியா ஒரு சாதா மஃப் வாங்கி, வாரத்துல ஒரு நாள் அதோடயும் சுடு. ஏர் ரைஃபிளுக்கு இவ்வளவு வேண்டாம், .22க்கு வேணும்."

வாங்கிவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது கொண்டுவந்து, "மாமா, இதப் போட்டா உங்களுக்கு வண்டு கேக்குதான்னு பாருங்க" என்றான். மாடியில் நின்று மாட்டினேன். வலது காதில் சிறுமலையே இறங்கி வந்த மாதிரி இரைச்சல், இரண்டு தெரு தள்ளி யாரோ குடத்தை வைக்கிற சத்தம்கூட. இடது பக்கம், வால்யூமைக் கடைசி வரை திருகியும், என் பழைய ஙொய்தான்.