மெத்தைக்கு அடியில் இரண்டு தடவை

காலித் ஹுசைனியின் 'தி கைட் ரன்னர்' 2003இல் வெளிவந்த நாவல். தமிழில் 'பட்ட விரட்டி'. காபூலில் ஒரே வளவுக்குள் வளர்ந்த இரண்டு பொடியன்கள்: வீட்டுக்காரரின் மகன் அமீர், வேலைக்காரரின் மகன் ஹசன். 1975 மாரியில், அமீர் அறுத்து வீழ்த்திய பட்டத்தைப் பிடித்துவர ஓடிய ஹசன் ஒரு சந்துக்குள் அசெஃப் என்பவனால் சீரழிக்கப்படுகிறான். அமீர் ஒளிந்து நின்று பார்த்துவிட்டு ஓடிவிடுகிறான். நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தச் சந்தோடு நின்றுவிடுகிறார்கள். சந்தில் நடந்தது கோழைத்தனம். துரோகம் அதற்குப் பிறகுதான் நடக்கிறது.

தன் குற்றத்தைத் தினமும் கண்முன் பார்க்கச் சகிக்காத அமீர், பிறந்தநாளுக்குத் தகப்பன் தந்த மணிக்கூட்டையும் கொஞ்சக் காசையும் ஹசனின் மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்து, களவுப்பழி சுமத்துகிறான். நீல முகமும் மின்னல் வடிவில் பொன்முள்ளும் உள்ள மணிக்கூடு அது. தகப்பனின் அன்புக்காக ஏங்கிய பிள்ளை, அந்த அன்பின் அடையாளத்தையே நண்பனைத் துரத்தும் கருவியாக்குகிறான். எடுத்தாயா என்று தகப்பன் கேட்க, ஹசன் ஆமென்கிறான். இல்லையென்றால் அமீர் பொய்யனாவான். உலகில் களவைத் தவிர வேறு பாவமே இல்லை என்று மகனுக்குப் போதித்த தகப்பன், அந்த இடத்திலேயே ஹசனை மன்னித்துவிடுகிறார். ஏன் மன்னித்தார் என்பதற்கு விடை வெகுதூரம் தள்ளி வருகிறது: ஹசனும் அவருடைய மகன்தான்.

கால் நூற்றாண்டு கழித்து அமீர் தான் குடியேறிய அமெரிக்காவிலிருந்து திரும்பி வருகிறான். காபூலுக்குப் போகும் வழியில் வாகித் என்ற ஏழையின் வீட்டில் ஓர் இரவு. சாப்பிடும்போது பிள்ளைகள் தன் கையையே பார்ப்பதைக் கண்டு, மணிக்கூட்டுக்குத்தான் ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்துக் கழற்றிக் கொடுக்கிறான். கொஞ்ச நேரத்தில் அது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. பிள்ளைகள் பார்த்தது அவன் சாப்பாட்டை. அந்த வீட்டில் அன்றிருந்ததே அவ்வளவுதான்.

இலங்கையின் கிழக்கில், வாகரைக்குப் பக்கத்து மாங்கேணியில் இருந்துகொண்டு இந்த இடத்தை வாசிக்கிறவருக்கு விளக்கம் தேவையில்லை. 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைப் பக்கத்துச் சனம் யுத்தத்தால் இடம்பெயர்ந்து முகாம்களில் கோப்பையோடு வரிசையில் நின்றது. பசித்த பிள்ளையின் கண் எங்கே போகும் என்று அந்தச் சனத்துக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்த அமீருக்குத்தான் தெரியவில்லை.

விடியும்போது அவன் கொஞ்சக் காசை அந்த வீட்டு மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டுப் புறப்படுகிறான். முன்பும் இப்படி வைத்தவன்தானே என்று கதைசொல்லியே காசைச் சொல்லிக்காட்டுகிறான். ஆனால் மணிக்கூட்டைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தை இல்லை! பழிக்கு வைத்த இரண்டு பொருளும் கொடையாகத் திரும்பி வந்திருக்கின்றன. ஒன்றைச் சொல்லி, மற்றதை வாசகரிடம் விட்டதுதான் ஹுசைனியின் கைத்திறன்.

இந்த அடக்கம் நாவல் முழுக்க இருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஹசன் சிறுவயதில் கவணைக் காட்டி மிரட்டியபடியே, அவன் மகன் சோராப் அதே அசெஃபின் இடக்கண்ணைப் பறிப்பதெல்லாம் சினிமாக் கணக்கு. 2007இல் படமும் வந்துவிட்டது. படம் பார்த்தோமே என்று நாவலை ஒதுக்கிவிடாதீர்கள். ஒன்பதாம் அத்தியாயத்தையும் பத்தொன்பதாம் அத்தியாயத்தையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்து வாசியுங்கள்.