டேனிய மொழியின் நீள்தொகைச் சொற்கள்: அசைப்பிரிப்பும் சொல்லமைப்பும்

மிக நீண்ட சொற்களைத் தொகுத்துக் காட்டுவோர் டேனிய மொழியிலிருந்து எடுத்துக்காட்டும் சொல் ஒன்றுண்டு. 51 எழுத்துக்களாலான அது, சிறப்பு மருத்துவர்தம் மருத்துவத் தொழிலைத் திட்டமிடுதலை நிலைப்படுத்தும் காலப்பகுதி எனப் பொருள்படும். இத்தகைய சொற்களை விந்தைப் பொருளாகக் கருதி எழுத்தெண்ணிக் காட்டும் போக்கு மொழியாராய்ச்சிக்கு எவ்வகையிலும் துணைசெய்யாது. நீளம் இச்சொற்களின் புறத்தோற்றம் மட்டுமே. அவை எவ்வாறு பிரிகின்றன, அப்பிரிப்பு எதனை உணர்த்துகிறது, எதனை உணர்த்தாது விடுகிறது என்பனவே வினாக்களாகும்.

டேனிய எழுத்துமுறையில் வரியிறுதியிற் சொல்லைப் பிரிப்பதற்கு இரு அடிப்படைகள் உள. தனிச்சொல்லில் ஈருயிர்களுக்கிடையே நிற்கும் ஒற்றை மெய், பின்வரும் உயிரோடு சேர்ந்து அடுத்த வரிக்குச் செல்லும். தொகைச்சொல்லோ உறுப்புக்கள் பொருந்தும் இடத்திற் பிரியும். முன்னையது ஓசையைத் தழுவியது. பின்னையது பொருளைத் தழுவியது. இரண்டும் முரணுமிடத்து எது மேலோங்க வேண்டும் என்பதற்கு ‘பிலயெர்’ என்னும் சொல் தக்க சான்றாகும். ‘பில்’ என்பது மோட்டார் வண்டி. ‘அயெர்’ என்பது உரிமையாளர். ஆயின், ஓசை விதியை மட்டும் கொண்டு பிரித்தால், தேனீயைக் குறிக்கும் ‘பி’யும் வாடகைக்குக் குடியிருப்பவரைக் குறிக்கும் ‘லயெர்’ என்பதும் எஞ்சும். வண்டியின் உரிமையாளர் தேனீக் குடியிருப்பாளர் ஆகிவிடுவார். எனவே தொகையிலே அசை, சொல்லமைப்புக்கு அடங்கியே நிற்கிறது.

உறுப்புக்களின் இணைவை ஒலியும் காட்டுகிறது. ‘டான்ஸ்க்’, ‘லேரர்’ எனத் தனித்தனியே நின்றால் டென்மார்க்கைச் சேர்ந்த ஆசிரியர் என்று பொருள். இரண்டும் ஒரு சொல்லாகி, முதலுறுப்பு முதன்மை அழுத்தம் பெறும்போது டேனிய மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர் என்று பொருள். எழுத்திலே ஓர் இடைவெளி, பேச்சிலே அழுத்தம் விழும் முறை ஆகியனவே இங்கு பொருளை வேறுபடுத்துகின்றன.

நம் இலக்கணிகள் கூறும் சாரியையை ஒருவாறு ஒத்த இணைப்பெழுத்துக்களும் டேனியத்தில் உண்டு. வைன் கிண்ணம் ‘வின்கிளாஸ்’ எனப்படும். சிவப்பு வைனுக்குரிய கிண்ணமோ ‘ரோட்வின்ஸ்கிளாஸ்’; இடையிலே ஒரு ‘ஸ்’ தோன்றுகிறது. முதலுறுப்பே ஒரு தொகையாக இருப்பதை அது உணர்த்துகிறது: கிண்ணம் சிவப்பன்று, வைனே சிவப்பு. இதைக்கொண்டு ‘ஸ்’ எப்போதும் உள்தொகையின் அடையாளம் எனப் பொதுவிதி வகுத்தல் பொருந்தாது. ‘-இங்’ என இறுகின்ற தொழிற்பெயர்கள் முதலுறுப்பாக வரும்போது பொதுவாகவே ‘ஸ்’ ஏற்கின்றன. மேற்சொன்ன 51 எழுத்துச் சொல்லில் திட்டமிடுதல், நிலைப்படுத்துதல் என்பவற்றின் பின் வரும் ‘ஸ்’ இவ்வகையினது. அதே சொல்லில், மருத்துவத் தொழிலைக் குறிக்கும் ‘பிராக்சிஸ்’ என்பதன் பின் எந்த இணைப்பெழுத்தும் இல்லை. அவ்வுறுப்பே ‘ஸ்’ எனத்தான் முடிகிறது.

ஆகவே, வடிவக் குறிகள் தொகையைப் பிரிக்கத் துணைசெய்யுமேயன்றி, உறுப்புக்களுக்கிடையேயுள்ள உறவை முற்றாக உணர்த்தமாட்டா. இவ்வுறவு வழக்கிலிருந்தும் சமூக அறிவிலிருந்துமே பெறப்படுகிறது. மேலும், வினை தொழிற்பெயராகித் தொகையினுட் புகும்போது எழுவாயும் காலமும் மறைகின்றன. நிலைப்படுத்துபவர் யார்? எப்போது? சொல் விடை தருவதில்லை. நிருவாக மொழி இத்தகைய தொகைகளை விரும்புவது தற்செயலானதன்று.

இதன் சமூக முக்கியத்துவத்தை விளங்கிக்கொள்ள ஈழத்தமிழர் அறிந்த ஒரு சொல்லே போதும். ‘பமீலியெசம்மன்ஃபோரிங்’ என்பது குடும்பம், ஒன்றாக, கொண்டுவருதல் என்னும் மூன்று உறுப்புக்களாலான தொகை. குடும்ப ஒன்றிணைப்பு என்பது பொருள். 1983ஆம் ஆண்டு அயல்நாட்டார் சட்டம் அகதிகளுக்கு இவ்வுரிமையை வழங்கியது. 1987இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹன்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்பத்தினர் தொடர்பான விண்ணப்பங்களைக் கிடப்பிற் போடச் செய்தார். விசாரணை அறிக்கை வெளிவந்ததையடுத்து 1993 சனவரியிற் பிரதமர் போல் ஸ்லூத்தரின் அரசாங்கம் பதவி விலகியது. 1995இல் அமைச்சர் குற்றவாளி எனக் காணப்பட்டு, ஒத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

இவ்விவகாரத்திற்கு டேனியர் வழங்கிய பெயரும் ஒரு தொகையே: ‘தமில்சாகென்’. இங்குள்ள சகரம் இணைப்பெழுத்தன்று. ‘சாக்’, அதாவது விவகாரம், என்னும் சொல்லின் முதலெழுத்து. பிரிப்பு எளிது, உறவோ எளிதன்று. தமிழர் செய்த விவகாரமா, தமிழருக்கு இழைக்கப்பட்ட விவகாரமா என்பதைச் சொல்லமைப்பு கூறாது. சட்டத்தை மீறியவர் அமைச்சர். பெயரில் நிற்பவரோ தமிழர். சொல்லமைப்பு அநீதியைத் தோற்றுவிப்பதில்லை. ஆனால் அநீதி செய்தவரை மறைக்க அதில் இடமுண்டு. தொகையைப் பிரிப்பதோடு நின்றுவிடாது, அதனுள் தொக்கு நிற்கும் எழுவாயைத் தேடிக் காண்பதும் இலக்கண ஆராய்ச்சியின் கடனாகும்.