மாண்புடையார் என்னுஞ் சொல்

ஒருவரைச் சிறப்பிக்கும் அடைமொழி இருவகையாக ஆளப்படும். "மாண்புடைய தலைவர்" எனப் பெயருக்கு முன் நின்றவிடத்து, அத்தலைவரின் மாண்பு முன்னரே ஒப்புக்கொள்ளப்பட்டதாகிவிடுகின்றது. கேட்போர் அதனை ஆராய்வதில்லை. "தலைவர் மாண்புடையவர்" எனப் பயனிலையாய் நின்றவிடத்தோ அஃதொரு கூற்றாகின்றது. கூற்றெனிற் சான்று வேண்டப்படும். இவ்வேறுபாட்டை இலக்கண நூல்களிலும் தெளிவாகக் காட்டுவது, செகசிற்பியாரின் 'யூலியஸ் சீசர்' நாடகத்தின் மூன்றாம் அங்கத்து இரண்டாங் களமாகும்.

ஏறத்தாழ 1599ஆம் ஆண்டில் அரங்கேறி, 1623இல் அச்சேறிய இந்நாடகத்திற்கு, புளூராக் எழுதிய வரலாறுகளின் ஆங்கில மொழிபெயர்ப்பே முதனூல். உரோமரின் இலத்தீன் மொழியில் மாண்பைக் குறித்த சொல் அரச பதவியையுங் குறித்தது; ஒருவர் படிப்படியாக ஏறும் பதவி வரிசையை 'மாண்புகளின் வழி' என்றே அவர்கள் வழங்கினர். கி.மு. 44இல், சீசர் கொலையுண்டபோது, புரூட்டஸ் நீதி நிருவாகப் பதவியொன்றை வகித்தான். எனவே அவனை மாண்புடையவன் என்றல் பதவி நோக்கி ஐயமின்றிப் பொருந்தும். குணம் நோக்கிப் பொருந்துமா என்பதே நாடகம் எழுப்பும் வினா. நம் நாட்டிற் பாராளுமன்ற உறுப்பினரைக் 'கௌரவ' என்னும் அடையோடு வழங்குதலும் பதவி பற்றியதேயன்றிக் குணத்துக்கு நற்சான்றன்று. இவ்விரு பொருளையும் ஒன்றாக மயங்கவிடுவதே பெருங் கேடுகளுக்கு வாயிலாகின்றது.

அம்மயக்கத்தை முதலிற் பயன்படுத்துபவன் காசியஸ். முதலாம் அங்கத்தில் அவன் மாண்பையே பேச்சுப் பொருளாக்கிப் புரூட்டஸை வளைக்கின்றான். தனித்து நின்றபோது, மாண்புடைய அவ்வுள்ளமும் வளைக்கத்தக்க உலோகமே எனத் தனக்குள் மகிழ்கின்றான். அடைமொழி ஈண்டுத் தூண்டிலிரையாயிற்று.

இனிப் புரூட்டஸின் பேரவைப் பேச்சை நோக்குக. அஃது உரைநடையில் அமைந்தது. எதிரெதிர்த் தொடர்கள் நிறுத்த அளவாய் நிற்பது. ஆயின் அதன் அடித்தளம் யாது? தன் மாண்பின் பொருட்டுத் தன்னை நம்புமாறு மக்களைக் கேட்கின்றான். சீசர் பேரவாவுடையவன் என்கின்றான். அவ்வவாவைக் காட்டும் செயலொன்றையேனும் எடுத்துரைத்தானல்லன். எடுத்துரைக்க அவனிடம் ஒன்றும் இல்லை என்பதை இரண்டாம் அங்கத்துத் தனிமொழியே காட்டிவிடுகின்றது; ஆங்குச் சீசர் செய்ததையன்றி, இனிச் செய்யக்கூடியதையே அவன் அஞ்சுகின்றான். செயலால் நிறுவப்படவேண்டிய அடைமொழியையே செயலுக்குச் சான்றாக வைத்தமை புரூட்டஸின் வழு. இஃது அறப்பிழையாகுமுன் சொற்பிழையாயிற்று.

அன்ரனி அப்பிழையைக் கண்டுகொண்டான். அவன் புரூட்டஸை எங்கும் வைதிலன். புரூட்டஸ் மாண்புடையவன் என்று பயனிலையாகவே மீட்டும் மீட்டுங் கூறுகின்றான். ஒவ்வொரு முறையும் அக்கூற்றின் அருகே ஒரு செய்தி வைக்கப்படுகின்றது: சிறைப்பட்டோரின் மீட்புப் பணத்தாற் சீசர் பொதுக் கருவூலத்தை நிறைத்தான், ஏழையர் அழத் தானும் அழுதான், லூப்பர்க்கல் விழாவில் முடியை மும்முறை மறுத்தான். சொல் மாறவில்லை, கேட்போர் உள்ளத்தில் அதன் நிறை மட்டும் குறைந்துகொண்டே செல்கின்றது. ஈற்றில் அவ்வடைமொழியும் கொலைக் குறுவாளும் ஒரே தொடரில் வந்து சேர, கூட்டத்தில் ஒருவன் அச்சொல்லை வசையாகவே திருப்பி எறிகின்றான்.

இதனைத் தமிழணி நூலார் வஞ்சப்புகழ்ச்சி என்பர். அதியமான் தூதாகச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையுஞ் சூடி நெய்பூசப்பட்டு மாளிகையில் இருத்தலைப் புகழ்ந்ததும், தம் அரசனுடையவை முனைமுறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடத்தலைச் சொன்னதும் புறநானூற்றிற் காணப்படும். ஆயினும் ஔவையார் சொல்லாற் போர் தவிர்க்க முயன்றார். அன்ரனி சொல்லாற் கலகம் விளைத்தான்.

ஆதலின் அன்ரனியே அச்சொல்லின் உண்மைப் பொருளைக் காத்தவன் எனல் பொருந்தாது. சீசர் முடியை ஒவ்வொரு முறையும் மனமின்றியே மறுத்தான் என்பது காஸ்காவின் கூற்று. முடியை நீட்டியவனும் அன்ரனியே. குடிமகன் ஒவ்வொருவனுக்கும் எழுபத்தைந்து வெள்ளிக் காசு என மரணசாதனத்தைக் காட்டி மக்களை எழுப்பிய அவன், நான்காம் அங்கத் தொடக்கத்தில் அக்கொடையைக் குறைக்க வழி தேடுகின்றான். புரூட்டஸோ காசியஸ் கைக்கூலி பெற்றதைக் கடிந்துகொண்டே, இழிவழியிற் பணந்திரட்டத் தன்னால் இயலாதென்று கூறிக் காசியஸின் பொன்னை வேண்டுகின்றான். குறையற்றவர் எவருமிலர். எனினும், இறுதிக் களத்தில் மாண்டு கிடக்கும் புரூட்டஸை அன்ரனி எள்ளலின்றிப் போற்றுகின்றான். ஏனையோர் பொறாமையாற் செய்ததை இவன் ஒருவனே பொதுநலங் கருதிச் செய்தான் என்கின்றான். அப்போது அவன் பழைய அடைமொழியைத் தொடாது வேறொன்றையே தெரிந்தெடுத்தமை உற்று நோக்கத்தக்கது. எள்ளலிற் புழங்கிய சொல் மெய்ப்புகழுக்கு உதவாதொழிந்தது.

தமிழாக்குவார்க்கு இவ்விடம் அரியது. மானம் என்றால் வள்ளுவர் கூறும் உயிர்விடுந் திண்மை தோன்றும். வாளில் வீழ்ந்த புரூட்டஸுக்கு அது பொருந்தும். நாணயம் என்றாற் கொடுக்கல் வாங்கலின் தூய்மை தோன்றும். சால்போ அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை என்னும் ஐந்து தூண்களை வேண்டும். நண்பனைக் குத்திய கையிற் கண்ணோட்டத்தை எங்ஙனங் காண்பது? இடந்தோறும் நயம்நோக்கிச் சொல்லை மாற்றின் அன்ரனியின் அடி விழாது. பதவிக்கும் குணத்துக்கும் ஒருங்கே இடந்தரும் 'மாண்புடையார்' போன்ற ஒரு சொல்லையே இறுதிவரை ஆளல் வேண்டும்.

வரவேற்புப் பத்திரத்திலும் இரங்கலுரையிலும் நாடோறும் இவ்வடைமொழிகளை வழங்குவோர்க்கு இக்களம் கற்பிப்பது ஒன்றுண்டு. அடையை எழுதிய கை, அதன்பின் ஒரு செயலையும் எழுதவல்லதாதல் வேண்டும். எழுத ஒரு செயலும் இல்லையெனின், அவ்வடை புகழ்ச்சிபோலத் தோன்றினும் வசையாகவே முடியும்.