கக்கெரு: ஒரு ஜப்பானிய வினையின் விரிவு

சுவரில் படம் மாட்டுவதற்கு ஜப்பானியர் சொல்லும் வினை ‘கக்கெரு’. மூக்குக்கண்ணாடி அணிவதற்கும் கதவைப் பூட்டுவதற்கும் தொலைபேசியில் அழைப்பதற்கும் அதுவேதான். நாற்காலியில் அமர்ந்தாலும், மீன்மேல் சோயா சாஸ் ஊற்றினாலும், மூன்றை ஐந்தால் பெருக்கினாலும், ஆற்றின் குறுக்கே பாலம் அமைத்தாலும், பிறருக்குத் தொல்லை கொடுத்தாலும், ஒன்றுக்காக உயிரைப் பணயம் வைத்தாலும் இதே வினை வந்து நிற்கிறது.

இவையெல்லாம் ஒரு சொல்லா, பல சொற்களா? எழுத்தில் பார்த்தால் பல. மாட்டுவதற்கு ஒரு சீன எழுத்து, பாலத்துக்கு வேறொன்று, உயிரைப் பணயம் வைக்க இன்னொன்று. பந்தயத்துக்கான எழுத்து 2010இல்தான் அரசின் பொதுப் பயன்பாட்டு எழுத்துப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் காதுக்கு இவை எல்லாம் ஒன்றே. சீன எழுத்து ஒரே மரத்தின் கிளைகளுக்குத் தனித்தனிப் பெயர்ப்பலகை தொங்கவிட்டது. மரத்தை அது வெட்டவில்லை என்பதே என் கருத்து. ‘ஓடு’, ‘உடைந்து குறை’ என்று பொருள்படும் வேறு இரண்டு கக்கெருக்களும் உண்டு. அவற்றை அகராதிகள் தனிச் சொற்களாகவே வைக்கின்றன.

ஜப்பானிய அறிஞர்கள் இத்தகைய வினைகளில் நெடுங்காலம் உழைத்திருக்கிறார்கள். தேசிய மொழி ஆய்வு நிறுவனத்துக்காக மியாஜிமா தட்சுவோ எழுதிய, வினைகளின் பொருளையும் பயன்பாட்டையும் விவரிக்கும் பெருநூல் 1972இல் வந்தது. குனிஹிரோ தெட்சுயா பலபொருள் வினைகளுக்கென்றே 2006இல் ஒரு நூல் வெளியிட்டார். மொழிக்கு வெளியே உள்ள ஒரே நிகழ்வை வெவ்வேறு கோணங்களில் பார்க்கும்போது வெவ்வேறு பொருள்கள் பிறக்கின்றன என்பது அவர் கொள்கை. படம் மாட்டுவதையும் கண்ணாடி அணிவதையும் இது அழகாக விளக்கிவிடுகிறது. பெருக்கல் கணக்குக்கு வரும்போது திணறுகிறது.

எனக்கு இன்னும் கூர்மையாகத் தோன்றும் சோதனை வேறொன்று. கிந்தாய்ச்சி ஹருஹிக்கோ 1950இல் ஜப்பானிய வினைகளை நான்காகப் பகுத்தார். ‘தெ இரு’ என்ற துணைவடிவத்தோடு ஒரு வினை சேருமா, சேர்ந்தால் என்ன பொருள் தரும் என்பதே அவருடைய அளவுகோல். கக்கெருவை அதில் வைத்துப் பாருங்கள். இஸ்திரியோடு சொன்னால் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மூக்குக்கண்ணாடியோடு சொன்னால் பொதுவாக ‘அணிந்திருக்கிறார்’. ஒரே வினை இரண்டு பெட்டிகளில் விழுகிறது. பொருளை முடிவுசெய்வது முன்னால் நிற்கும் பெயர்ச்சொல்தான். இதன் தன்வினை இணையான ‘கக்கரு’வும் இதையே காட்டுகிறது: நேரம் பிடிப்பதற்கும், பணம் செலவாவதற்கும், தொலைபேசி அழைப்பு வருவதற்கும் அது பொருந்துகிறது, நாற்காலியில் அமர்வதற்குப் பொருந்தாது.

தமிழ் வாசகருக்கு இங்கே ‘போடு’ நினைவுக்கு வராமல் இருக்காது. கண்ணாடி போடுகிறோம், பூட்டுப் போடுகிறோம், போன் போடுகிறோம், பாட்டுப் போடுகிறோம், பாலமும் போடுகிறோம். பாட்டை ஒலிக்கவிடுவதற்கும் ஜப்பானியர் கக்கெருதான் சொல்கிறார்கள். ஆனால் துணைவினையானதும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. ‘கொன்றுபோட்டான்’ என்றால் செயல் தீர்ந்தது. ஜப்பானியத்தில் ‘சா’ என்ற வினையோடு கக்கெரு சேர்ந்தால், சாகும் தறுவாய்க்குப் போனார், சாகவில்லை. ‘படி’ என்பதோடு சேர்ந்தால் பாதியில் நிற்கும் புத்தகம்.

தமிழும் ஜப்பானியமும் உறவுமொழிகள் என்று ஓனோ சுசுமு வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர் அதை ஏற்கவில்லை. கக்கெரு–போடு ஒற்றுமையை அந்த வழக்குக்குச் சாட்சியாக இழுக்கக் கூடாது. பொருளைக் கையால் ஓரிடத்தில் சேர்ப்பிக்கும் வினைகள் இப்படிக் கிளைப்பது உலகின் பல மொழிகளில் இயல்பு.

மேலே சொன்ன அதே தேசிய மொழி ஆய்வு நிறுவனத்தில், இந்தியரான பிரசாந்த் பர்தேஷி முன்னின்று நடத்திய திட்டத்தில், அடிப்படை வினைகளுக்கு இணையத்தில் ஒரு கையேடு உருவானது. அயல்நாட்டுக் கற்போரை மனத்தில் வைத்து, ஒவ்வொரு வினையின் பொருள்களையும் அவற்றின் உறவோடு விளக்குகிறது அது. நம்மிடம் ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ 1992 முதல் ‘போடு’ போன்ற வினைகளுக்கு எடுத்துக்காட்டுகளோடு வழி காட்டியிருக்கிறது. அதிலிருந்து தொடங்கி, போடு, எடு, பிடி, விடு, அடி என்ற ஐந்து வினைகளுக்காவது இப்படியொரு கையேட்டை நம் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் உருவாக்க வேண்டும்.