கண் மூடிய வீனஸ்

ஜோர்ஜோனே 1510-இல் கொள்ளைநோயில் இறந்துபோனார். அவருடைய 'உறங்கும் வீனஸ்' ஓவியத்தின் நிலக்காட்சியையும் காலடியில் இருந்த க்யூபிட்டையும் டிஷியன்தான் முடித்தார் என்று, 1525-இல் வெனிஸில் அதைப் பார்த்த மிக்கியேல் குறித்து வைத்திருக்கிறார். அந்த க்யூபிட் இப்போது இல்லை. சிதைந்துபோனதால் 1843-இல் மேலே வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். எக்ஸ்ரேயில் மட்டும் தெரிகிறான்.

இன்ஜினியர் புத்தி, எனக்கு முதலில் பிடித்தது இந்த ரிப்பேர் கதைதான். அப்புறம்தான் உறைத்தது: இவள் வீனஸ் என்று அடையாளம் காட்டியதே அந்தப் பையன். அவன் போனதும் மிஞ்சுவது வெட்டவெளியில் தூங்கும் ஒரு பெண். பின்னாலிருக்கும் குன்றுகள் அவள் உடம்பின் வளைவையே திரும்பச் சொல்கின்றன. அழகுதான், இல்லைன்னு சொல்லல. ஆனால் குன்றைப் பார்ப்பது மாதிரியே அவளையும் பார்க்கலாம் என்று நமக்கு அனுமதி கொடுப்பதும் அந்த வளைவுதான்.

டிஷியன் 1538-இல் முடித்த 'உர்பினோ வீனஸ்' கிட்டத்தட்ட அதே கிடை. ஆனால் கண் திறந்திருக்கிறது. நேராக நம்மைப் பார்க்கிறாள். அங்கே மாட்டிக்கொள்வது நாம்.

இரண்டில் ஜோர்ஜோனேயின் படம்தான் கண்ணியமானது என்று யாராவது சொன்னால், எனக்கு அப்படித் தோணல. திருப்பிப் பார்க்க முடியாதவளைப் பார்த்துக்கொண்டே நிற்பதில் என்ன கண்ணியம்?